முகம் கேட்கும் போன்

முள்வேலியைத் தாண்டி ஒரு காலை முற்றத்தில் வைத்த பிறகுதான் ஹர்ஜிராம் இருமுகிறார். மருமகள்கள் முகம் மறைய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளட்டும் என்று மற்ற பெரியவர்கள் தெருவிலேயே இருமிவிடுவார்கள். இவர் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. யார் யாரோடு குசுகுசுக்கிறார்கள் என்று அரைக்கண்ணால் ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் தொண்டையைச் செருமுவார்.

டீக்கடையில் தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால், "சொல்றதுல அவனுக்கென்ன லாபம்?" என்பார். ராஜஸ்தானத்து மார்வாடு மணலில் அவர் அளவுக்குச் சந்தேகம் விளைவித்தவர் யாரும் கிடையாது.

மருமகள் சுகனியோடு நேரே பேசமாட்டார். மனைவி இருந்தவரை அவள் மூலமாகச் சொல்லிவந்தார். அவள் போன பிறகு ஆட்டிடம் சொல்கிறார். "ஏ கருப்பி, மோரு புளிச்சுக் கெடக்குன்னு வீட்ல இருக்கவங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" உள்ளே சொம்பு நங்கென்று வைக்கப்பட்டால், பதில் வந்துவிட்டதாக அர்த்தம்.

இப்படிப்பட்டவர் தன் வைக்கோல் கொட்டகையைப் பெண்களின் போன் வகுப்புக்குக் கொடுத்தார் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. நகரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் பிரேம்லதா ஆளுக்கொரு போனைக் கொடுத்து, குமரிகளுக்கும் மருமகள்களுக்கும் சொல்லித்தருகிறாள். "எப்படியும் எங்கயோ நடக்கத்தான் போகுது. என் கண்ணு முன்னாடி நடக்கட்டும்" என்றார் ஹர்ஜிராம். கொட்டகை வாசலில் கட்டிலைப் போட்டு, பீடியும் காதுமாக உட்கார்ந்துகொண்டார்.

"பொம்பளைங்க யார்கிட்டப் பேசணும்னு இந்த வித்தை?" என்று ஒருநாள் கேட்டார்.

"மொதல்ல உங்க பிள்ளைகிட்டப் பேசட்டுமே, பாபோசா" என்றாள் பிரேம்லதா. சூரத்தில் துணி ஆலையில் இருக்கும் சுகனியின் புருஷன் கேவலைத்தான் சொன்னாள். அவர் ஸ்கூட்டரின் சக்கரத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்குப் பூட்டு வைக்கும் பாடத்தன்று பெரிய கலாட்டா. நாலு எண் போதும் என்றாள் பிரேம்லதா. "கருப்பி, எட்டிப் பாத்தா எவனுக்கும் தெரிஞ்சிடாதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. விரலை வைத்துப் பார்த்தார்கள். மணலும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்தே சுகனியின் விரல் ரேகைகள் மழுங்கிப்போயிருந்தன. மிச்சம் முகம்தான். பெண்கள் முக்காட்டோடு வரிசையாகப் போன் முன்னால் நின்றார்கள். முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது.

"வெக்கங்கெட்ட போனு! எம் புருசன்கூட இப்படிக் கேட்டதில்லடி" என்றாள் ஒருத்தி. கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. வாசலில் ஹர்ஜிராம் சிரிக்காமல் இருமினார். கதவைச் சாத்திக்கொண்டு சுகனி முக்காட்டைத் தூக்கினாள். போனில் பூட்டு விழுந்தது. முகம் ஒத்துவராவிட்டால் போட ஒரு எண் உண்டு. அதையும் மருமகளுக்குச் சொல்லக்கூடாது, எவனாவது நைச்சியமாகக் கேட்டு வாங்கிவிடுவான் என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றார். எண் பிரேம்லதாவோடு நகரத்துக்குப் போய்விட்டது.

போன வாரம் சூரத்திலிருந்து ஆலை மேஸ்திரி, டீக்கடைக்காரருக்குப் போன் செய்து சொன்னான்: "கேவலுக்கு மெஷின்ல கை லேசா உரசிடுச்சு. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லங்கறதுக்கு எதுக்கு மெனக்கெட்டுப் போன் பண்றான்?" என்றார் ஹர்ஜிராம். பிறகு கேவலே பேசினான். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று வைத்துவிட்டான். எந்தக் கை என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கம்பு ரொட்டி தட்டிலேயே காய்ந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷருக்கு, இந்த ஒரு சந்தேகம் மட்டும் பொய்யாகிவிட வேண்டும் என்று இருந்தது. பிள்ளையின் இரண்டு கைகளையும் கண்ணால் பார்த்தால்தான் ஆறும். "கருப்பி, அந்த முகம் பாத்துப் பேசுற வித்தைய நெசமாவே கத்துக்கிட்டாங்களா, இல்ல சும்மா பொழுத ஓட்டினாங்களா?"  ஆடு அசைபோட்டது. உள்ளே சொம்பு மெதுவாக வைக்கப்பட்டது.

ஆலையில் தேநீருக்கு விடும் நேரத்தில்தான் கேவல் பேச முடியும். ஊரில் முகம் பார்த்துப் பேசும் அளவுக்குச் சிக்னல் கிடைப்பது மணல்மேட்டு உச்சியில் மட்டும். மாமனார் முன்னால் ஏற, மருமகள் பின்னால் ஏறினாள். மேலே வன்னி மரத்தைச் சுற்றி ஊர் ஆண்கள் பாதிப்பேர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாபோசா, நீங்களும் பள்ளிக்கூடத்துல சேந்துட்டீங்களா?" என்றான் ஒருவன்.

சுகனி போனை எடுத்தாள். அது முகம் கேட்டது. முக்காட்டுக்குள் நுழைத்துக் காட்டினாள். தள்ளிப் பிடிக்கச் சொன்னது. இந்தப் பக்கம் திரும்பினால் சின்ன மாமனார், அந்தப் பக்கம் திரும்பினால் கொழுந்தன்மார். 

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆலையில சங்கு ஊதிடுவாங்க" என்று முக்காட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். அந்தக் குரலை ஹர்ஜிராம் இவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை.

ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதில் ஒருவனைக்கூட அவர் நம்பியதில்லை.

பிறகு தலைப்பாகையில் கை வைத்தார். மனைவி போன அன்றைக்குத் தவிர ஊர் அவரை வெறுந்தலையோடு பார்த்தது கிடையாது. வெள்ளைத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். ஒரு முனையை வன்னிக் கிளையில் முடிந்து, மருமகளைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையைக் கையை உயர்த்தித் திரையாகப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடினார்.