பாதம் பார்த்து நெஞ்சைக் கேட்டவர்

மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை. அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உப்புமாவுக்கு ரவை வறுத்தேன். அப்போதுதான் என் கணவர் அடுப்படிக்கு வந்து, டாக்டர் ஞானமணி தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். ரவை கருகும்வரை கிளறிக்கொண்டே நின்றேன்.

திருவள்ளூரில் அவர் டாக்டராக இருந்த அரசு நெஞ்சுநோய் கிளினிக்கில் நான் எக்ஸ்ரே எடுப்பவள். வருடக்கணக்காகக் கேட்ட சென்னை மாற்றல் போன வாரம்தான் கிடைத்தது. சந்தோஷமாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். "நல்லதும்மா. நீயும் போயிட்டா எனக்கப்புறம் இங்க வர்றவங்க காலை யாரு பாக்கறது?" என்று சிரித்தார்.

நுரையீரல் நோயாளி யார் வந்தாலும் டாக்டர் முதலில் தொடுவது கணுக்காலைத்தான். அழுத்தினால் குழி விழுகிறதா, இதயம் தளர்ந்து நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பழவேற்காட்டுப் பெரியவர் ஒருவருக்கு இது தெரியாது. டாக்டர் குனிய, பதறிப்போய் அவரும் டாக்டர் காலில் விழக் குனிய, இரண்டு தலையும் மோதிக்கொண்டன.

"இன்னா சாமி, நீங்க எங்காலத் தொட்டா அந்தப் பாவத்த நான் எங்க போய்த் தொலைப்பேன்?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "பாவம் நெஞ்சுக்குப் போவாது பெரியவரே, தண்ணிதான் போவும். காலைக் குடுங்க" என்றார். அதன்பிறகு வருகிறவர்களிடம், டாக்டர் காலைத் தொடுவார், நீங்கள் குனியாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது என் வேலையாயிற்று.

புகையிலை நுரையீரலோடு இதயத்தையும் கெடுக்கிறது, நெஞ்சுக்குக் கொடுக்கும் கதிர் இதயத்தையும் தொடுகிறது, புதிய புற்றுநோய் மருந்து ஒன்று அதைத் தளர்த்துகிறது என்றெல்லாம் அப்போதுதான் வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் எழுதத் தொடங்கியிருந்தன. டாக்டர் பழைய இதழ்களைச் சென்னையில் வாங்கி ரயிலில் படித்துக்கொண்டே வருவார். ஒருமுறை திருவள்ளூரை விட்டுவிட்டு அரக்கோணத்தில் இறங்கினார். "படத்துல கட்டியை மட்டும் பாக்காத, நடுவுல இருக்கற ஆளையும் விசாரி" என்பார். நடுவில் இருக்கும் ஆள், இதயம்.

கும்மிடிப்பூண்டி இரும்பாலைத் தொழிலாளி தேவசகாயத்துக்கு நுரையீரலில் புற்று. கதிர் சிகிச்சை முடிந்து வந்தவர் நாலடி நடக்க முடியாமல் மூச்சு வாங்கினார். நோய் முற்றிவிட்டதென்று வீட்டில் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். டாக்டர் காலை அழுத்தினார்; விழுந்த குழி நிறையவில்லை. மறுபடி படம் எடுக்கச் சொன்னார். இதயத்தின் நிழல் பெருத்திருந்தது. நீர் இறங்க மாத்திரை கொடுத்தார். மறுவாரம் தேவசகாயத்தின் மனைவி சண்டைக்கு வந்தார்.

"நிமிசத்துக்கு ஒரு தபா ஒண்ணுக்குப் போய்க்கினே இருக்காரு டாக்டரு, ஒரே பேஜாரா கீது."

"போவட்டும்மா. அத்தனையும் அவரை மூச்சு வாங்க வெச்ச தண்ணி."

புற்றுநோய் போகவில்லைதான். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தேவசகாயம் தானே ரயிலேறி வந்து எல்லோருக்கும் கேக் கொடுத்தார்.

டாக்டரின் அடக்கம் முடிந்த மறுநாள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். படம் எடுக்குமுன் என்னையறியாமல் குனிந்து கணுக்காலை அழுத்தினேன். குழி விழுந்தது. அவருக்குப் பதிலாக வந்திருந்த புது டாக்டரிடம் போய், இதயத்தையும் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்; பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

டாக்டர் ஞானமணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அப்படிக் குனியும் பழக்கம்தான். என் கணவர் சென்னையில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடமும் சொல்லவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை: நான் போகப்போவதில்லை.