ஆட்டமிழந்த விதம்

மாமா எப்படி ஆட்டமிழந்தார் என்று எழுதும் பொறுப்பு ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த ஒருத்தி நான். எனக்கு அப்போது பத்து வயது. கையெழுத்து அழகாக இருக்கிறதென்று சொல்லி, எங்கள் கோயில் திருவிழாவையொட்டி வாலிபர்கள் நடத்திய கிரிக்கெட் துடுப்பாட்டப் போட்டிக்கு என்னை ஓட்டங்களைக் குறிக்க வைத்துவிட்டார்கள். ஒரு கொப்பி, இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர். கொப்பியில் ஆடுபவரின் பெயர், எடுத்த ஓட்டம், அதற்குப் பக்கத்தில் 'ஆட்டமிழந்த விதம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் ஒரு குடும்பத்தையே ஒரு வாரம் ஆட்டிவைக்கும் என்று கோடு போட்டுத் தந்தவருக்குத் தெரிந்திருக்காது.

நடுவராக நின்றவர் அப்பா. எங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரர் மாமா. அம்மாவின் தம்பி அவர். அப்பாவின் வள்ளத்தில்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போவார், எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். மச்சான் ஆடுகிற ஆட்டத்துக்கு அத்தான் நடுவரா என்று நீங்கள் கேட்கலாம். அன்று காலை யாரும் கேட்கவில்லை. பாலத்துக்கு அப்பால் நானாட்டானிலிருந்து ட்ரக்டரில் வந்து இறங்கிய எதிரணித் தலைவரே, "அவர் நிண்டால் எங்களுக்குச் சரி" என்றார். சந்தையில் மீன் நிறுப்பதில் தகராறு வந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் எங்களுக்கு எட்டு ஓட்டம் வேண்டும். மாமா நாற்பதைத் தாண்டி நின்றார். திடலுக்குள் வந்துவிட்ட இரண்டு கழுதைகளைத் துரத்துகிற நேரத்தில் நான் பென்சில் சீவத் தொடங்கினேன். கழுதைகள் போய், பந்து வீசப்பட்டதையும் கவனிக்காமல் சீவிக்கொண்டே இருந்துவிட்டேன். பெரிய கூச்சல் கேட்டு நிமிர்ந்தால், விக்கெட் காப்பாளர் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி துள்ளுகிறார். நானாட்டான்காரர் எல்லாரும் அப்பாவைப் பார்த்துக் கைநீட்டிக் கத்துகிறார்கள். அப்பா இல்லையென்று தலையாட்டினார். விரல் எழவில்லை.

"அத்தான் தீர்ப்படா!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது வசவாகப் படவில்லை. மாமாவுக்கு அப்பா அத்தான்தானே, சரியாகத்தானே சொல்கிறான் என்று நினைத்தேன்.

மாமா ஒரு கணம் நின்றார். பிறகு துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எங்கள் அணி உட்கார்ந்திருந்தது அப்பாவுக்குப் பின்புறத்தில். ஆகவே அப்பாவின் தோளை உரசுகிற மாதிரித்தான் போகவேண்டும். தலையைக் குனிந்தபடி போனார்.

"எங்கை போறாய்? நான் அவுட் தரேல்லையே?" என்றார் அப்பா.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவர் முதல் பந்திலேயே போனார். மிச்சப் பந்துகளில் மூன்று ஓட்டம்தான் கிடைத்தது; நான்கு ஓட்டத்தால் தோற்றோம். கிண்ணம் ட்ரக்டரில் ஏறிப் பாலம் கடந்து போய்விட்டது.

அன்றிலிருந்து மாமா தெருவில் இறங்கினால், "புனிதர் வாறார், மெழுகுதிரி கொளுத்துங்கோ!" என்று வாலிபர்கள் நக்கலடித்தார்கள். மாமா அதைச் சட்டை செய்யவில்லை. அவரை வாட்டியது வீட்டுக்குள் நடந்ததுதான். அப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போய், ஒரே வலையை இழுத்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்கள். கரையில் நான்தான் தபால்காரி. "நாலு மணிக்கு வெளிக்கிடவேணுமெண்டு அவனிட்டைச் சொல்லு" என்பார் அப்பா. மாமா மூன்று முழ தூரத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். நான் திரும்பி அதையே மறுபடி சொல்வேன். முதல் நாள் அது நல்ல விளையாட்டாக இருந்தது. இரண்டாம் நாள் அலுத்துவிட்டது.

மூன்றாம் நாள் அம்மா வெடித்தார். "ரெண்டு பேரும் இப்பிடி முகத்தைத் தூக்கிக்கொண்டு மாதாவிட்டைப் போகேலாது. இந்தமுறை மடுவுக்கு ஒருத்தரும் போறேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு ஆவணியிலும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவோம். வருடத்தில் மிச்ச நாட்களெல்லாம் அந்த மூன்று நாளுக்காகத்தான் வருகின்றன என்று நம்பியவள் நான். மாமா இல்லாத கூடாரம் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

போதாததற்கு அந்தக் கட்டம் வேறு வெறுமையாக இருந்தது. ஞாயிறு பூசைக்கு முன் கொப்பியைக் கொடுத்தால், அந்தப் பக்கத்தைக் கோயில் வாசலில் ஒட்டுவார்கள்.

அப்பாவிடம் கேட்டேன். "நடுவர் ஆர்? நான். நான் விரல் தூக்கினனானோ? இல்லை. பிறகென்ன? அவுட் இல்லையெண்டு எழுது."

மாமாவிடம் கேட்டேன். "துடுப்பிலை பட்டது. பட்டது எனக்குத் தெரியும். பிடிச்சது அவங்களுக்குத் தெரியும். கச் அவுட் எண்டு எழுது."

இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டும் சரியென்றால் யார் பிழை? கணக்குப் பாடத்தில் இப்படி ஒன்று எனக்கு வந்ததேயில்லை. மாமா சொன்னபடி எழுதினால் அப்பாவின் தீர்ப்புப் பிழையென்று ஊருக்கே ஒட்டியதாகிவிடும். அப்பா சொன்னபடி எழுதினால் மாமா சும்மா பைத்தியம் பிடித்து நடந்தார் என்றாகிவிடும். பென்சில் சீவாமல் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும் என்ற குற்றவுணர்ச்சி வேறு. ஆகவே நானே கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஏழு வயதுத் தம்பியையும் மாமாவின் துடுப்பையும் ஒரு பந்தையும் இழுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். மாமா நின்ற இடத்தில் தம்பியை நிறுத்தி, பந்தைத் துடுப்பின் விளிம்பில் மெல்லத் தட்டச் சொன்னேன். நான் போய் அப்பா நின்ற இடத்தில் நின்றேன்.

"தட்டு!"

"தட்டிப்போட்டன்!" என்று கத்தினான்.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சோளகக் காற்றுக் காலம் அது. காற்று என் முதுகுப் பக்கமிருந்து வந்து, காதுக்குள் இரைந்துகொண்டு அவன் பக்கம் ஓடியது. பத்துத் தரம் தட்டினான். கை அசைவது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பிறகு ஓடிப்போய் விக்கெட் காப்பாளர் நின்ற இடத்தில் நின்றேன். காற்று அவனைத் தாண்டி என் முகத்தில் அடித்தது. டிக். டிக். பல்லி சொல்வது போலத் துல்லியமாகக் கேட்டது. அவனை அப்பாவின் இடத்தில் நிறுத்தி நான் தட்டியும் பார்த்தேன். அவனுக்கும் கேட்கவில்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் அவனைத் தூக்கிச் சுற்றினேன். அவன் துடுப்பை என் காலில் போட்டான்.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். மாமா வேலியோரம் நின்று வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் கேட்கிறமாதிரி நடுவில் நின்று என் கண்டுபிடிப்பை விளக்கினேன். காற்று இந்தப் பக்கம், சத்தம் அந்தப் பக்கம். பட்டது உண்மை, அப்பாவுக்குக் கேட்கவில்லை என்பதும் உண்மை. பிறந்ததிலிருந்து கடற்காற்றோடு வாழ்பவர்களுக்கு நான் காற்றைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமா வலையைக் கீழே விட்டார். ஐந்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அப்பாவை நேருக்கு நேர் பார்த்தார்.

"நான் காத்தை யோசிக்கேல்லை, அத்தான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அப்பா. காலால் ஒரு முக்காலியை மாமா பக்கம் தள்ளிவிட்டு, "இரு. தேத்தண்ணி குடி" என்றார். மாமா உட்கார்ந்தார், ஆனால் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"அப்ப நான் என்ன எழுத?" என்று கேட்டேன்.

"நீயே எழுது" என்றார்கள் இரண்டு பேரும்.

'தானாகப் போனார்' என்று எழுதினேன். கோயில் வாசலில் அதைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. அந்த ஆவணியில் நாங்கள் மடுவுக்குப் போனோம். பெரியவர்களின் சண்டையை ஒரு துடுப்பையும் பந்தையும் வைத்துத் தீர்த்துவிட்டேன் என்று நெடுங்காலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அவர்கள் சண்டை பிடித்தது பந்து பட்டதா படவில்லையா என்பதற்காக என்றே நம்பியிருந்தேன். தன் அருகால் மாமா தலைகுனிந்து போனபோது அப்பாவுக்கு எது விளங்கியது என்பதும், அந்தத் தேநீர் ஏன் ஆறிப்போனது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. காற்றை யோசிக்காத அந்த ஒரு கணத்தில், விரல் தூக்காமல் நின்ற அத்தானைப் பற்றி மாமா வேறு எதை யோசித்திருப்பார், 'அத்தான் தீர்ப்படா' என்று கத்தியவன் நினைத்ததையேதானா என்று கேட்க, பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை.