இரவல் ஃபேன்

சொர்ணத்துக்கு இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே சூம்பிப்போய்விட்டன. மயிலாப்பூரில் கால்வாய்க் கரைக் குடிசையில் தனியாக இருந்துகொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே பூக் கட்டிப் பிழைத்தாள். ஊனமுற்றோர் பென்ஷன் என்று சர்க்கார் மணியார்டரில் அனுப்பியது ஒரு வார அரிசிக்கே காணாது. மிச்ச நாளுக்கு வயிற்றைக் கழற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பூ விலை ஏறிய மாதங்களில் அதுவும் இல்லையென்றால் பட்டினிதான்.

தொண்ணூற்று நாலு சித்திரையில், விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வீட்டுக்குப் பெரிய மனிதர் வருகிறாராம், சொர்ணத்துக்கு ஒரே பரபரப்பு. பக்கத்துக் குடிசை அமீனா பீயிடம் நாற்காலி இரவல் வாங்கினாள். அமீனா பீ தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து டேபிள் ஃபேனும் வைத்துக் கொடுத்தாள். இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, சொர்ணம் ஒரு பாட்டில் கலரும் வாங்கி வைத்தாள்.

வந்தவர் நாற்காலியில் சாய்ந்து காற்று வாங்கினார். கலரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். போய், வசதியாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டார், படுபாவி! அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை.

சொர்ணம் ரிக்‌ஷா பிடித்து ஆபீசுக்குப் போய், படிகளில் கையை ஊன்றி ஏறினாள்.

"ஃபேன் ஓடுது, சேர் போட்டிருக்கே. உனக்கு எதுக்கும்மா பென்ஷன்?" என்றார் அதே அதிகாரி.

"அது பக்கத்து வூட்டு ஃபேன் சார். நீங்க வர்றீங்கன்னுதான் கேட்டு வாங்கி வெச்சேன். வூட்டுக்கு வந்தவங்கள வேர்க்க வுடுவாங்களா?"

சரி, மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார். பெரிய மனசு!

அமீனா பீ கொதித்துப்போனாள். "இந்த தபா பச்சத் தண்ணிகூட குட்த்துடாதேம்மே. நாதியத்துக் கெடந்தாத்தான் அவனுங்களுக்குக் கண்ணு தெரியும்."

அக்கினி வெயிலில் அதிகாரி மறுபடி வந்தார். சொர்ணம் கிழிந்த புடவையில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்காம்மா?"

மூலையில் சாக்குக்குப் பின்னால் பானை நிறையத் தண்ணீர் இருந்தது.

"இல்ல சார்," என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

மணியார்டர் வந்தது. அதே ஒரு வார அரிசிக் காசு. சொர்ணம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். தாகம் என்று கேட்டவருக்கு அவள் அதுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது.