துடைக்கச் சொன்ன லாக்

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டர். காலையில் திருமண் இட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். லேப் இன்சார்ஜுக்கு அதுவே ஆகாது.

போன வருஷம் சர்வரில் இருந்த பிள்ளைகளின் பிராக்டிகல் மார்க் மொத்தமும் அழிந்துபோனது. அழித்தது நான்தான் என்று அவர் பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டார். மெமோ வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது.

"நெத்தியில போட்டுக்கினது பத்தலன்னு காலேஜுக்கும் நாமம் போட்டுட்டியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அந்த சர்வரை அப்படியே நகலெடுத்து இன்னும் மூன்று மெஷினில் போட வேண்டுமாம்.

"காப்பி எடுக்கறதுக்கு முன்ன அதோட பேரை எடு, நம்பரை எடு, லாகை சுத்தமா தொடச்சிடு."

வேலை முறை அதுதான். பேரையும் நம்பரையும் நீக்காமல் நகல் போட்டால் நாலு மெஷினும் நான்தான், நான்தான் என்று அடித்துக்கொள்ளும். லாக் என்பது யார் எப்போது உள்ளே வந்து என்ன செய்தார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கிற குறிப்பு. புது மெஷினுக்குப் பழைய கதை வேண்டாம் என்று அதையும் துடைப்போம்.

துடைக்கப் போனவன் படித்துப் பார்த்தேன். மார்க் அழிந்த அன்று உள்ளே வந்தது அவருடைய லாகின். இடம் காலி பண்ணப் போய் அந்த ஃபோல்டரையும் சேர்த்து அழித்திருக்கிறார். தெரிந்துதான் என் தலையில் கட்டினாரா, பெருமாளுக்கே வெளிச்சம்.

"இன்னாய்யா, தொடச்சிட்டியா?"

"தொடச்சிக்கினு இருக்கேன் சார்."

சர்வரில் கை வைக்கும் முன் உள்ளது உள்ளபடி பேக்கப் எடுக்கவும் என்று சுவரில் ஒட்டியவரே அவர்தான். எடுத்தேன், தனி டிஸ்க்கில். அப்புறம் பேர், நம்பர், லாக் எல்லாம் துடைத்து, மூன்று மெஷினையும் ஓடவிட்டுக் காட்டினேன்.

திங்கட்கிழமை அந்த டிஸ்க்கைப் பிரின்சிபால் மேஜையில் வைத்தேன். வெளியாள் ஒருவரை வைத்துப் பார்த்தார். மெமோவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இன்சார்ஜ் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னை "வாங்க, போங்க" என்கிறார், அவ்வளவுதான். பழையசீவரம் மலையேறி நரசிம்மர் முன் நிற்கும்போது, மன்னிக்கிற மனசைக் கொடு என்று கேட்கப் பார்க்கிறேன். வாய் வரவில்லை.

போன வாரம் மெல்ல வந்து நின்றார். "அந்த டிஸ்க்கை அழிச்சிடுங்களேன். சும்மா இடத்தை அடைச்சிக்கினு கீது."

"இருக்கட்டும் சார்," என்றேன். "நீங்க ஒட்டின ரூல்தானே?"