இரண்டு நாட்டு றாம்

போன கிழமை ஒரு தங்கச்சி என் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்கு வந்தாள். கையில் கொம்பியூட்டரின் நினைவகமான றாம் (RAM) துண்டுகள் இரண்டு. ஒன்று பழைய கொம்பியூட்டரில் கழற்றியது, மற்றது புதிதாக வாங்கியது.

"அண்ணை, ரெண்டையும் சேர்த்துப் போட்டா வேகமா ஓடுமாம். யூரியூப்பில பாத்தனான்."

"வேற வேற றாம் நான் சேர்த்துப் போடுறேல்லைப் பிள்ளை."

"ஏன், ஓடும்தானே?"

"ஓடும். அதுதான் பிரச்சினை" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போனாள். அங்கே யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்கள். பத்தில் ஒன்பது தரம் ஒரு பிழையும் வராது. பத்தாவது தரம்தான் என்னிடம் வந்தது.

அவளின் பழைய துண்டைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துப் பார்த்ததில், அவள் போன பிறகும் மேசையில் அந்த மணம் நின்றது. றாமின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத்தான் நாங்கள் துப்புரவாக்குவோம். தீவுப்பகுதியில் கொம்பியூட்டருக்கு முதல் எதிரி வைரஸ் இல்லை, உப்புக்காற்று. ஆறு மாதத்தில் பற்கள் கறுத்துவிடும். அதற்கு அடுத்த எதிரி பல்லி. ஒருமுறை ஒரு பெட்டிக்குள் இருந்து எட்டுப் பல்லி முட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குத் தனிக்கூலி கேட்கலாமா என்று யோசித்தேன். எனக்கு அந்த மணம் பிடிக்கும். பள்ளிக்கூட மணம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது புங்குடுதீவில் ஒரு வீட்டு விறாந்தையின் மணம்.

சண்டை ஓய்ந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். நான் சுருவிலில் இருந்து வந்து வேலணையில் ஒரு சைக்கிள் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் படித்தவன். அந்த ஆறு மாதத்திலும் பாதி நாள் கரண்ட் இல்லை, ஆகவே மூன்று மாதம் என்றும் சொல்லலாம். ஆனால் அப்போது இந்தப் பக்கம் வேறு ஆள் இல்லாததால் நான்தான் பெரிய இஞ்சினியர். அந்த நினைப்பு எனக்கு நன்றாகவே தலைக்கேறியிருந்தது.

அந்தப் புங்குடுதீவு வீட்டுக்காரரை ஊர் முதலாளி என்று கூப்பிடும். கொழும்பில் கடை வைத்திருந்தவர், கடை எரிந்த பிறகு ஊருக்கு வந்து தங்கிவிட்டார். மனைவிக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் கனடாவில். இளையவன் சுதன் சுவிசில், அகதி வழக்கு முடியாமல் ஆறாவது வருடம். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் வழக்கும் போகும், திரும்பிப் போகவும் ஏலாது. "வழக்கும் மண்ணாங்கட்டியும், அம்மாவை வந்து பார்" என்று அக்கா போனில் கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதையில்லை.

வீட்டுக் கொம்பியூட்டரில் படத்தோடு கதைத்தால் முகம் துண்டு துண்டாக வந்தது. றாம் போதாது என்றேன். முதலாளி இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியே சொல்லியிருக்கிறார் போல. ஊருக்கு வந்த ஆட்களிடம் இரண்டு பேருமே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். கனடாவில் இருந்து வந்தது பச்சை, வெறும் பலகை மாதிரி. சுவிசில் இருந்து வந்தது நீலத் தகடு போர்த்த விலைகூடினது. வேறு வேறு கொம்பனி, வேகமும் வேறு. இப்படிப்பட்ட இரண்டு ஒரே பெட்டியில் சில நேரம் ஒத்துப்போகும், சில நேரம் போகாது. போகாவிட்டால் எந்த அறிவிப்பும் இல்லாமல் கொம்பியூட்டர் அப்படியே உறைந்து நிற்கும்.

"ஒண்டு காணும் ஐயா. மற்றதை எடுத்து வையுங்கோ" என்றேன்.

"எதைக் கழட்டுவீர்?" என்று கேட்டார் அவர். "மகளின்ரையைக் கழட்டினா நாளைக்கு அவள் கேப்பாள். மகன்ரையைக் கழட்டினா எனக்கு மனம் கேக்காது. ரெண்டும் கிடக்கட்டும் தம்பி."

அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. கட்டிலை விறாந்தைக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

"என்ர செத்தவீட்டுக்கோ தம்பி உது பூட்டுறீர்?"

"இல்லையம்மா, பிள்ளையளோட கதைக்க."

"பொய் சொல்லாதையும். அவனால வரேலாது. நான் கிடக்கிறதை அவன் பாக்கவேணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "வடிவாப் பூட்டும்."

அழிறப்பரால் தேய்த்து இரண்டையும் பூட்டினேன். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் தனியே போட்டால் ஒரு குறையும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட, மூன்றாவது மணித்தியாலம் பிழை என்று காட்டும் சிவப்புக் கோடுகள் திரையில் வரிசையாக வந்தன. அதைக் கண்ணால் கண்டேன். வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன். ஒரு மணித்தியாலம் சிவப்பு வரவில்லை. அதோடு நிற்பாட்டினேன். மூன்றாம் மணியில் வந்த பிழைக்கு ஒரு மணி பார்த்தால் போதும் என்று எந்த மடையன் சொன்னான் என்று கேட்காதீர்கள். பெரிய இஞ்சினியர் சொன்னான். முதலாளியிடம் போய் "ஏலாது" என்று சொல்லும் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. சுதன் ஒவ்வொரு நாளும் வந்து அம்மாவோடு கதைத்தான். என்ன சமைத்தாய் என்று அவ கேட்பா, அவன் சட்டியைத் தூக்கிக் காட்டுவான். இரண்டு தரம் நடுவில் உறைந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நிற்பாட்டிப் போட்டேன், சரிவந்தது. "நெற் பிழை ஐயா" என்றேன். அந்தப் பக்கத்து நெற்றும் உண்மையிலேயே மோசம், யாரும் சந்தேகப்படவில்லை.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டா. அக்கா இரண்டு நாள் முன்னமே வந்து சேர்ந்திருந்தாள். எங்கள் செத்தவீடுகளுக்கு வீடியோக்காரர் வராமல் இருக்கமாட்டார், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமே. இங்கே முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். "அவன் நேரடியாப் பாக்கப்போறான், பிறகேன் வீடியோ" என்றார். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார்.

தகரப் பந்தல். உச்சி வெயில். கொம்பியூட்டரை முற்றத்துக்குக் கொண்டுவந்து, பெட்டியில் கிடந்த அம்மாவின் தலைமாட்டுக்கு அருகே மேசையில் வைத்தேன். சிம் போட்ட நெற் துண்டை, சிக்னல் பிடிக்கட்டும் என்று பந்தல் காலில் உயரக் கட்டினேன். அந்தச் சூட்டை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. சுதன் திரையில் வந்தான். அங்கே காலைநேரம். வெள்ளைச் சேட்டு, பின்னால் சுவரில் சாமிப்படம், முன்னால் ஒரு கிண்ணத்தில் அரிசி. தாய்க்கு இளைய மகன்தான் கடமை செய்யவேண்டும். அவனுக்குப் பதிலாக, அம்மாவுக்கு மகன் முறையான ஒரு பெறாமகன் இங்கே ஈரவேட்டியோடு நின்றான். இவன் வாய்க்கரிசி போடும் அதே நேரம் சுதனும் அங்கே போடுவதாக ஏற்பாடு.

"வாய்க்கரிசி போடுற ஆக்கள் வாங்கோ" என்றார் குருக்கள். சுதன் அரிசியை அள்ளினான். கையைத் தூக்கினான். அப்படியே நின்றான்.

"ஐயோ, பெடியன் அசையாமல் நிக்கிறான்" என்று ஒரு மாமி தலையில் அடித்துக்கொண்டா. எல்லாரும் திரையைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதார்கள். துக்கத்தில் விறைத்துப் போனான் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். மவுசை ஆட்டினேன், அம்புக்குறி அசையவில்லை. தானாக வரும், தானாக வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அலுமாரிக்கு மேல் முதலாளியின் போன் விடாமல் அடித்தது. அது யார் என்றும் எனக்குத் தெரியும். பறைச் சத்தத்தில் வேறு ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

பிறகு மேசைக்குக் கீழே இறங்கி, பொத்தானை அமத்தி நிற்பாட்டினேன். திரை கறுத்தது. "ஏன்ரா அவனை நிப்பாட்டினனீ?" என்று மாமி கத்தினா. அரிசியை ஏந்திய அந்த உருவமாவது அங்கே நின்றிருக்கும், அதையும் நான்தான் எடுத்தேன். கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றி ஒரு றாமை இழுத்தேன். எந்த நிறம் என்று பார்க்கவில்லை. வியர்வை அதற்குள்ளேயே சொட்டியது. என் தலைக்கு மேல் ஒப்பாரி திடீரென்று கூடி, பிறகு அம்மாவின் பெட்டியைத் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசல் படலைப் பக்கம் போனது.

கொம்பியூட்டர் எழும்பி, நெற் பிடித்து, சுதன் வர எவ்வளவு நேரம் சென்றதோ தெரியாது. அவன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். கமராவில் அவனுக்குத் தெரிந்தது கதிரைகளும், கொட்டுண்ட அரிசியும், படலையடியில் பெண்களின் முதுகுகளும்தான்.

"அண்ணை, அம்மா எங்கை?" என்றான்.

"நெற் போயிட்டுது" என்றேன்.

மூன்று வருடத்தில் முதலாளியும் போனார். அப்போதும் சுதனுக்குச் சுவிசில் வதிவிடக் கடதாசி கிடைக்கவில்லை. அந்த வீட்டின் ஓடுகள் போய்விட்டன, பிறகு கதவுகள், பிறகு கிணற்றுக் கப்பி. அந்த ஒழுங்கையில் ஒன்பது வீட்டில் இப்போது ஆள் இருப்பது இரண்டில். மாமி போய்ச் சேர்ந்துவிட்டா. குருக்களும் இல்லை. பெறாமகன் படகேறி அவுஸ்திரேலியா போக வெளிக்கிட்டவன், போய்ச் சேர்ந்ததாக ஒருவருக்கும் செய்தி இல்லை. செத்தவீட்டைக் கைபேசியில் காட்டுவது இப்போது பெரிய வேலையில்லை, சின்னப் பிள்ளைகூடப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த வேலைக்கு என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை, அது நல்லது.

இந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு சுதன் வந்தார். முதன்முறையாகக் கையில் பாஸ்போட். தலை அரைவாசி நரைத்திருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"அண்டைக்கு நெற் தானே அண்ணை போனது?"

"ஓம்" என்றேன். ஏன் பொய் சொன்னாய் என்று நீங்கள் கேட்பீர்கள், உங்களோடு தர்க்கம் பண்ண எனக்கு வலு இல்லை. ஓம் என்றுதான் சொன்னேன்.

"அந்த நேரம் என்ன நடந்தது? அரிசி போடேக்க அம்மாவின்ர முகம் எப்பிடி இருந்தது? பெட்டி மூடினது ஆர்? நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்."

"நான் மேசைக்குக் கீழை நிண்டனான் தம்பி. நானும் பாக்கேல்லை."

அவர் தலையாட்டினார். வெளியே பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அக்கா நிண்டவாதானே" என்றேன். "அவவிட்டைக் கேட்டுப் பாருமன்."

"கேட்டனான் அண்ணை. சுவிசில இருந்து வெளிக்கிடேக்க போன் எடுத்தனான்." கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். "'வந்து நிண்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்' எண்டு சொல்லிப்போட்டு போனை வச்சிட்டா."