லோயாங் மட்டும் மிச்சம்

நகுலேஸ்வரிக்குச் சீன அரசர்கள்மேல் தீராத கோபம். ஒரு நாட்டுக்கு ஒரு தலைநகர் காணாதா? ஆளுக்கொரு ஊரில் அரண்மனை கட்டி, ஆளுக்கொரு மதில் எழுப்பி, பிறகு அதையும் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கிறார்கள். "ஓரிடத்திலை குந்தியிருக்க ஏலாதே அவங்களுக்கு?" என்று லண்டன் செவன் கிங்ஸ் பகுதி வீட்டுக் குசினியில் சமைத்தபடி திட்டுவாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவள் சிரிக்கமாட்டாள். அந்த ஊர்களில் ஏதோ ஒன்றில்தான் அவளுடைய கணவர் குருமூர்த்தி காணாமற்போனார்.

தொண்ணூறாம் ஆண்டு அவளும் மூன்று வயது மகள் லக்‌ஷிகாவும் முதலில் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னால் வரவேண்டிய குருமூர்த்தியை, காசு வாங்கி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சீனா வழியாக ஏற்றிவிட்டான். அங்கிருந்து ஒரு நாள் போன் வந்தது.

"நான் சுகமா இருக்கிறன், நகுலா. இந்த ஊரின்ரை பேர் வாயிலை வருகுதில்லை. பழைய ராசதானியாம். மதிலெண்டா மதில், மேலாலை லொறி போகலாம். பிள்ளை சாப்பிட்டிட்டாளே?"

சாப்பிட்டுவிட்டாள் என்று அவள் சொல்வதற்குள் லைன் அறுந்துபோனது. அதுதான் கடைசி. "நான் ஏத்திவிட்டதோடை என்ரை வேலை முடிஞ்சுது" என்று ஏஜென்சிக்காரன் கையை விரித்தான், நாசமாய்ப் போவான்.

ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்ததும் அண்ணன் பத்மநாதன் இருந்த லண்டனுக்கு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கோடை விடுமுறை வந்தால் மற்றவர்கள் பாரிசுக்கும் கனடாவுக்கும் போவார்கள். இவள் இல்போர்ட் நூலகத்துப் படப் புத்தகத்தில் மதில் உள்ள பழைய தலைநகராகப் பார்த்து, டூர் கோஷ்டியோடு சீனாவுக்குப் போவாள்.

பெய்ஜிங்கில் பழைய ஊர் மதிலில் பெரும்பகுதியை எப்போதோ இடித்துவிட்டார்களாம். சிஆனில் மதில் இருந்தது. அவர் சொன்ன மாதிரியே அகலம். அதன்மேல் ஏறிக் கல்யாணப் படத்தைக் கையில் பிடித்தபடி நாள் முழுக்க நடந்தாள். அழகான மாப்பிள்ளை என்று சைகையால் சொல்லிவிட்டுப் போனார்கள் சனங்கள். நான்ஜிங்கிலும் மதில் இருந்தது, அங்கும் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கைஃபெங்கில் வழிகாட்டிப் பெண் தரையைக் காட்டி, ஆறு பெருகிப் பெருகிப் பழைய நகரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேற்றுக்குள் போய்விட்டன, நாம் நிற்பது அவற்றின் மேல்தான் என்றாள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நகுலேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாய்ப் போய் இருந்து அழுதாள்.

மிஞ்சியிருந்தது லோயாங். அதற்குப் பிறகு வந்த கோடையில் முழங்கால் வலி என்றாள். அடுத்த கோடையில் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவேண்டும் என்றாள்.

நெற்றியில் குங்குமப் பொட்டும் கழுத்தில் தாலிக்கொடியும் அவள் ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் நம் சனம் வாயால் ஒன்றும் சொல்லாது. கல்யாண வீடுகளில் கட்டியணைத்துக் கதைக்கும், முன்வரிசையில் இருத்தும், ஆராத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகளைத் தேடும்போது மட்டும் கண் அவளைத் தாண்டிப் பக்கத்துக் கதிரையில் இருப்பவளிடம் போகும். அவளும் அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் எதையோ தேடுவாள்.

இரண்டாயிரத்து எட்டில் லக்‌ஷிகாவுக்கு லண்டன் சட்டன் பகுதியில் இருந்து சம்பந்தம் வந்தது. பையன் ஜதுசன் தங்கமான பிள்ளை. எல்லாம் சரிவந்து, அழைப்பிதழில் வந்து இடித்தது.

"இன்னும் எத்தினை வருசம், நகுலா?" என்றார் பத்மநாதன். "காலஞ்சென்ற எண்டு போடுவம். கேக்கிற ஆக்களுக்கு ஒரு மறுமொழி இருக்கும்."

"அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களே, அண்ணை?"

"காணேல்லை. இருக்கிறதையும் காணேல்லையே."

கடைசியில் 'குருமூர்த்தி நகுலேஸ்வரி தம்பதியரின் செல்வப் புதல்வி' என்றே அச்சானது. அவள் வென்றுவிட்டாள்.

லக்‌ஷிகா தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வெடிங்குக்கு முதல் நாங்கள் ரெண்டு பேரும் லோயாங் போய்ப் பாப்பமா? நான் லீவு போடுறன். ப்ளீஸ்" என்றாள்.

"கல்யாண வேலை தலைக்கு மேலை கிடக்கு. இப்ப என்ன லோயாங்?"

கல்யாண வேலை ஒரு சாட்டு. முழங்காலும் பெயின்றும் கூடச் சாட்டுத்தான். லோயாங்கிலும் அவர் இல்லையென்றால் அதற்குப் பிறகு தேட அவளுக்கு ஊர் கிடையாது. பாவி, அதற்குத்தான் பயந்தாள்.

கல்யாணம் இல்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தகப்பன் ஸ்தானத்தில் பத்மநாதனும் மனைவி சுவர்ணாவும் இருந்து தாரைவார்த்துக் கொடுத்தார்கள். தாலி ஏறியது. ஆராத்தித் தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் எரிந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காக ஒரு பெண் வந்து நின்றாள். பெண் வீட்டுக்காகச் சுவர்ணா எழும்பினாள்.

"மாமி, இருங்கோ," என்றாள் லக்‌ஷிகா மணவறையிலிருந்தபடியே. "அம்மாதான் எடுக்கவேணும். அப்பா இல்லையெண்டு இங்கை ஆருக்குத் தெரியும்?"

ஐயர் பத்மநாதனைப் பார்த்தார். பத்மநாதன் நிலத்தைப் பார்த்தார். ஜதுசனின் தாய் நல்ல மனுசி, "ஓம், தாய்தானே, எடுக்கட்டும்" என்று தட்டைத் தானே தூக்கிக் கொண்டுவந்து நகுலேஸ்வரியின் முன்னால் நீட்டினாள்.

பதினெட்டு வருடமாக எந்தக் கல்யாண வீட்டிலும் அவளிடம் வராத தட்டு அது. கை தானாகவே நீண்டது. திரியின் சூடு விரலில் பட்டது. மகளின் கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத புதுத் தாலியை ஒரு தரம் பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"நீங்கள் எடுங்கோ, மச்சாள்" என்றாள் சுவர்ணாவிடம்.

அந்த ஒரு சொல்லால், இத்தனை காலமும் யார் சொல்லியும் ஒத்துக்கொள்ளாததைச் சபைக்கு நடுவே அவளே சொல்லிவிட்டாள். சுவர்ணா அழுதுகொண்டேதான் ஆராத்தி சுற்றினாள்.

புறப்படும் நேரம் கார்க் கதவடியில் லக்‌ஷிகா தாயின் கையை விடவில்லை. "ஏன் அம்மா? அப்பா இருக்கிறார் எண்டுதானே எப்பவும் சொன்னனீங்கள்?"

"இருக்கிறார், பிள்ளை. லோயாங்கிலை இருக்கிறார்." நகுலேஸ்வரி மகளின் தாலிக்கொடியை நேராக்கிவிட்டாள். "ஆனா உன்ரை தாலியை வைச்சு அதைச் சோதிச்சுப் பாக்க எனக்கு ஏலாது."