தண்ணீர்க்காரியின் குரல்

ஏழுமலையின் அம்மா குரலை அழித்தவன் நான்தான்.

இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்களாவது என்னைத் திட்டுங்கள்!

உலகம் எரிந்து முடிந்தபின் மிச்சமிருக்கும் மனிதர்கள் தண்ணீருக்கும் சோற்றுக்கும் அலைகிற ஒரு கணினி விளையாட்டு. கல்லூரி நாள் முதல் நானும் ஏழுமலையும் அதிலேயே பழியாகக் கிடந்தோம். அப்படிப்பட்ட விளையாட்டை ரசிகர்களே தம் விருப்பப்படி மாற்றி வெளியிடுவார்கள். அதற்கு மோட் என்று பெயர்.

ஏழுமலை ஒரு மோட் செய்தான். இடிந்த நகரத்தை எடுத்துவிட்டுத் தியாகதுருகம் மலைக்கோட்டையை வைத்தான். தப்பிப் பிழைத்தவர்களைக் கல்வராயன் மலையில் குடியேற்றினான். எல்லோரையும் எங்கள் ஊர்ப் பேச்சே பேச வைத்தான்.

கோட்டையடியில் தண்ணீர் விற்கும் பெண்ணுக்கு அவன் அம்மாதான் குரல். களையெடுத்துவிட்டு வந்தவர், கால் சேற்றைக்கூடக் கழுவாமல் மகனுடைய கைப்பேசியில் பேசிக் கொடுத்தார்.

"இன்னா தம்பி, நாக்கு வறண்டு போய் வந்துக்கினு இருக்க? தண்ணி குடிச்சிட்டு வூட்டுக்குப் போ."

வெளியிடும் முன் எனக்குத்தான் முதலில் அனுப்பினான்.

எங்கள் ரசிகர் குழுவில் அப்போது ஏழுமலையுடையதோடு சேர்த்து இரண்டு தமிழ் மோட்கள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கருத்துக் கேட்டார்கள். மற்றதில் தண்ணீர் விற்பவள், "வருக பயணியே! நீர் அருந்துகிறீரா?" என்பாள். கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'வூடு' என்றதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் ஆறவேயில்லை. அதற்காக... அந்த அம்மாவையா பலி கொடுப்பேன்?

கொடுத்தேன்! பொய்ப்பெயரில் எழுதினேன்: "இன்னாவாம், வூடாம்! உலகமே அழிந்தும் பட்டிக்காடு அழியவில்லையா?"

ஒருவர் சிரித்தார். பிறகு குழுவே சிரித்தது. அன்று மாலையே ஏழுமலை என்னை அழைத்தான்.

"எங்கம்மாவ கிண்டல் பண்றாங்கடா. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"வுட்றா, பொறாமை புடிச்ச பசங்க," என்றேன். ஆறுதலும் நானே சொன்னேன், பாருங்கள்! சொல்லிவிட்டு, அவன் அனுப்பிய பிரதியை நீக்கி, அந்த இடத்தில் 'வருக பயணியே'யை ஏற்றிக்கொண்டேன்.

போன ஆடியில் அவன் அம்மா இறந்துபோனார். காரியம் முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா கொரலு வேற எதுலயும் இல்லடா. ஒனக்குத்தான மொதல்ல அனுப்ச்சேன்... அது இருக்குதா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தேடிப் பாக்குறேன்டா," என்றேன். எங்கே தேடுவது? அழித்த கை என்னுடையதல்லவா!

இதோ, உங்களிடமும் அச்சுத் தமிழில்தான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

நேற்றும் அழைத்தான்.

"கெடச்சுதாடா?"

ஊர்ப் பேச்சை ஒளித்தே பழகிய என் வாயில், அந்தப் பொய் மட்டும் தடுக்காமல் வந்தது.

"தேடிக்கினே இருக்கேன்டா..."